வழங்கப்படாத குடியுரிமைப் பத்திரம்

1935 செப்டம்பர் 15 அன்று நியூரம்பெர்க் நகரில் நிறைவேறிய ரைஷ் (ஜெர்மன் அரசு) குடியுரிமைச் சட்டத்தில் மொத்தம் மூன்றே பிரிவுகள். அரசிதழில் ஒரு பக்கத்தைக்கூட அது நிரப்பவில்லை. ஜெர்மன் அரசின் பாதுகாப்பில் இருந்து, அதனால் அந்த அரசுக்குக் கடமைப்பட்டவர்கள் எல்லாரும் அரசின் பிரஜைகள் என்பது முதல் பிரிவு. அந்தப் பிரஜைகளில் ஜெர்மானிய இரத்தமோ அதற்கு நெருங்கிய இரத்தமோ உடையவர், ஜெர்மன் மக்களுக்கு விசுவாசமாக உழைக்கும் மனமும் தகுதியும் தனக்கு உண்டென்று நடத்தையால் காட்டியவர் மட்டுமே ரைஷ் குடிமகன் என்பது இரண்டாம் பிரிவு. முழு அரசியல் உரிமைகள் அவருக்கே. அந்தத் தகுதி எப்படி வந்து சேரும் என்பதையும் அதே பிரிவு சொல்கிறது: குடியுரிமைப் பத்திரம் ஒன்று வழங்கப்படும், அதைப் பெற்றவரே குடிமகன்.

அந்தப் பத்திரம் ஒன்றையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றுதான் என் தேடல் தொடங்கியது.

கிடைக்காமல் போகாது என்று நம்புவதற்குக் காரணம் இருந்தது. ஆறரைக் கோடிப் பேர் வாழ்ந்த நாடு. நாஜி ஆட்சியோ காகிதத்தில் பெரும் பற்றுள்ள ஆட்சி. தன் வம்சாவளியை ஒவ்வொருவரும் எழுதி வைத்துக்கொண்ட ‘முன்னோர் கையேடு’ ஜெர்மனியின் பழம்பொருள் சந்தைகளில் இன்றும் விலைக்குக் கிடைக்கிறது. தொழிலாளர் கையேடுகள், பங்கீட்டு அட்டைகள், கட்சி உறுப்பினர் அட்டைகள் எல்லாம் குவிந்து கிடக்கின்றன. ஆட்சியே மிக உயர்ந்த தகுதி என்று அறிவித்த ஒன்றின் பத்திரம் மட்டும் எங்கே போகும்?

முதலில் 1935ஆம் ஆண்டு அரசிதழின் முதல் பாகத்தைப் பிடித்தேன். சட்டம் 1146ஆம் பக்கத்தில் இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்தும் முதல் துணை ஆணை, நவம்பர் 14 தேதியிட்டு, 1333ஆம் பக்கத்தில் வருகிறது. அதன் முதல் பிரிவைப் படித்ததுமே தேடலின் திசை மாறிவிட்டது. குடியுரிமைப் பத்திரம் பற்றிய விரிவான விதிகள் வரும்வரை, ரைஷ்டாக் (நாடாளுமன்றத்) தேர்தலில் வாக்குரிமை பெற்றிருந்த ‘ஜெர்மானிய இரத்தப்’ பிரஜைகள் தற்காலிகக் குடிமக்களாகக் கருதப்படுவார்கள் என்கிறது அது. ‘வரும்வரை’ என்று சொல்லப்பட்ட அந்த விதிகளைத் தேடி அடுத்தடுத்த ஆண்டுகளின் அரசிதழ்களைப் புரட்டினேன். 1936இல் இல்லை. 1937, 1938இல் இல்லை. போர் தொடங்கிய பிறகும் இல்லை. 1945இல் ஆட்சியே முடிந்துபோனது. பெர்லினின் லிஷ்டர்ஃபெல்டே பகுதியில் கூட்டரசு ஆவணக்காப்பகம் இருக்கிறது. உள்துறை அமைச்சகத்தின் எஞ்சிய கோப்புகள் அங்கேதான். அவற்றிலும் இல்லை. இந்தத் துறையில் உழைத்த வரலாற்றாசிரியர்கள் எல்லாரும் ஒருமித்துச் சொல்வதும் இதுவே: அந்தப் பத்திரம் ஒருவருக்கும் வழங்கப்படவே இல்லை. ஹிட்லரின் ஜெர்மனியில் இரண்டாம் பிரிவு சொன்ன முறைப்படி ரைஷ் குடிமகனான ஆள் ஒருவர்கூட இல்லை.

அப்படியானால் இந்தச் சட்டம் செய்தது என்ன?

பலரும் வேகமாகக் கடந்துபோகும் மூன்றாம் பிரிவில்தான் விடை இருக்கிறது. சட்டத்தை நிறைவேற்றவும் நிரப்பவும் தேவையான விதிகளை, ஹிட்லரின் துணைத் தலைவரோடு கலந்து உள்துறை அமைச்சர் பிறப்பிப்பார் என்பது அந்தப் பிரிவு. பார்த்தால் வழக்கமான நிர்வாக வாசகம். அந்த ஒரு வாக்கியத்தின் அதிகாரத்தில் எட்டு ஆண்டுகளில் பதின்மூன்று துணை ஆணைகள் பிறந்தன. நான்காவது ஆணை 1938இல் யூத மருத்துவர்களின் உரிமத்தைப் பறித்தது. ஐந்தாவது வழக்கறிஞர்களை நீதிமன்றத்திலிருந்து வெளியேற்றியது. பத்தாவது, யூதர்கள் எல்லாரையும் அரசு கண்காணிக்கும் ஒரே சங்கத்தில் அடைத்தது. பதினொன்றாவது பற்றிப் பிறகு சொல்கிறேன். 1943 ஜூலை 1 தேதியிட்ட பதின்மூன்றாவது, யூதர் செய்யும் குற்றங்களைக் காவல்துறையே தண்டிக்கும் என்று நீதிமன்றத்தின் கதவையே சாத்தியது. இறந்துபோன யூதரின் சொத்து அரசைச் சேரும் என்றும் அதே ஆணை சொன்னது. தலைப்பில் குடியுரிமை என்று இருந்தாலும், இந்தச் சட்டத்தால் யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. பறிப்பதற்கு மட்டுமே அது பயன்பட்டது. ஆவணங்களை வரிசையாக அடுக்கியபோது எனக்குத் தெளிவானது இதுதான். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததும் இதுதான்.

இந்தச் சட்டம் எழுதப்பட்ட இரவைப் பற்றி ஒரு கதை உண்டு. நெடுங்காலம் எல்லாப் பாடநூல்களிலும் அது இடம்பிடித்திருந்தது. கதையைச் சொன்னவர் பெர்ன்ஹார்ட் லோசனர், உள்துறை அமைச்சகத்தில் இன விவகாரங்களைக் கவனித்த அதிகாரி. செப்டம்பர் 13 இரவு தனக்குத் திடீரென அழைப்பு வந்தது, விமானத்தில் நியூரம்பெர்க் போனேன், கட்சி மாநாட்டின் இரைச்சலுக்கு நடுவே அவசர அவசரமாக வரைவுகள் எழுதினோம் என்கிறார் அவர். யூதர்களும் மற்றவர்களும் மணப்பதைத் தடுத்து அதே நாளில் நிறைவேறிய இரத்தப் பாதுகாப்புச் சட்டத்துக்கு நான்கு வரைவுகள் தயாராயின. ஹிட்லர் இருப்பதில் மென்மையானதைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் ‘இச்சட்டம் முழு யூதர்களுக்கு மட்டுமே பொருந்தும்’ என்ற வரியைத் தன் கையாலேயே அடித்துவிட்டார். நள்ளிரவில் குடியுரிமைச் சட்டம் ஒன்றும் வேண்டும் என்று புதிதாக உத்தரவு வந்தது. அதையும் எழுதிக் கொடுத்தோம். லோசனர் இதை 1950இல் எழுதினார். 1952இல் இறந்தார். 1961இல் ஜெர்மன் வரலாற்று இதழ் ஒன்றில் அது அச்சானது.

நேரில் இருந்தவரின் சாட்சியம் என்பதால் இதற்குப் பெரிய மதிப்பு இருந்தது. ஆனால் சாட்சி சொல்பவர் தன் பங்கைக் குறைத்துக் காட்டக் காரணம் உள்ளவர். ஒரே இரவில் நெருக்கடியில் எழுதப்பட்டது என்றால், எழுதியவர்கள் வெறும் எழுத்தர்கள் ஆகிவிடுகிறார்கள். ஆகவே அந்த இரவுக்கு முந்தைய தாள்களைத் தேட வேண்டியிருந்தது.

தாள்கள் ஏராளமாக இருக்கின்றன. 1920 பிப்ரவரி 24 அன்று மியூனிக்கில் அறிவிக்கப்பட்ட நாஜிக் கட்சித் திட்டத்தின் நான்காவது அம்சமே, ஜெர்மானிய இரத்தம் உள்ளவர்தான் குடிமகன் ஆகலாம், யூதர் ஆக முடியாது என்கிறது. 1935 ஜூலை 26 அன்று உள்துறை அமைச்சர் வில்ஹெல்ம் ஃப்ரிக் திருமணப் பதிவாளர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். யூதர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான திருமணங்களை நிறுத்தி வையுங்கள், விரைவில் சட்டம் வருகிறது என்பது அதன் சாரம். ஆகஸ்ட் 20 அன்று பொருளாதார அமைச்சகத்தில் நடந்த உயர்மட்டக் கூட்டத்திலும் இந்தச் சட்டங்கள் பேசப்பட்டன. லோசனருக்கு அழைப்பு வருவதற்கு முந்தைய நாள், செப்டம்பர் 12 அன்று, மாநாட்டு மேடையிலேயே ரைஷ் மருத்துவர் தலைவர் கெர்ஹார்ட் வாக்னர் கலப்பு மணத்தைத் தடுக்கும் சட்டம் வரப்போகிறது என்று அறிவித்துவிட்டார்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது 1934 ஜூன் 5 அன்று நடந்த குற்றவியல் சட்டச் சீர்திருத்தக் குழுக் கூட்டத்தின் சுருக்கெழுத்துப் பதிவு. நீதித்துறை அமைச்சர் ஃப்ரான்ஸ் கூர்ட்னர் தலைமையில், பின்னாளில் ‘மக்கள் நீதிமன்றத்தின்’ கொடூர நீதிபதியாகப் பெயரெடுத்த ரோலண்ட் ஃப்ரைஸ்லர் உள்ளிட்ட சட்ட அறிஞர்கள் உட்கார்ந்து, இனக் கலப்பை எப்படிக் குற்றமாக்குவது என்று நாள் முழுக்க விவாதித்திருக்கிறார்கள். அவர்கள் முன்னே அமெரிக்க மாநிலச் சட்டங்களின் தொகுப்பு இருந்தது. அப்போது முப்பது அமெரிக்க மாநிலங்களில் கலப்பு மணத்துக்குத் தடை இருந்தது. ‘இனம்’ என்பதை அறிவியல் முறையில் வரையறுக்க முடியாதே என்று சிலர் தயங்கியபோது, வரையறை துல்லியமாக இல்லாமலே அமெரிக்க நீதிமன்றங்கள் தீர்ப்புச் சொல்கின்றனவே என்று ஃப்ரைஸ்லர் வாதாடினார். அமெரிக்கச் சட்ட வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் விட்மன் 2017இல் வெளியிட்ட நூலில் இந்தப் பதிவை ஆராய்ந்திருக்கிறார். அந்தக் கூட்டத்தில் வந்து உட்கார்ந்திருந்தவர்களில் லோசனரும் ஒருவர். நியூரம்பெர்க் இரவுக்குப் பதினைந்து மாதங்களுக்கு முன்பே, இதே பொருளைச் சட்ட அறிஞர்களோடு அவர் பேசியாகிவிட்டது. 2002இல் கொர்னேலியா எஸ்னர் எழுதிய ஆய்வு நூல், ‘ஓரிரவுச் சட்டம்’ என்ற கதையை இப்படித்தான் ஆதாரம் ஆதாரமாகப் பிரித்துப் போட்டது.

லோசனரின் வாழ்க்கையில் நாணயமான பகுதியும் இருக்கிறது. ஹிட்லரைக் கொல்ல நடந்த 1944 ஜூலை சதியில் தொடர்புடைய ஒருவருக்கு அடைக்கலம் தந்ததற்காக அவர் சிறை சென்றார். அதற்காக அவருடைய சாட்சியத்தை அப்படியே ஏற்க முடியாது.

அந்த இரவின் முடிவில் ஹிட்லர் கையெழுத்திட்ட மூலப் பிரதிக்கும் ஒரு பயணம் உண்டு. 1945 ஏப்ரல் 27 அன்று பவேரியாவின் ஐஷ்டெட் என்ற சிற்றூரில், வங்கிப் பெட்டகம் ஒன்றில் அரக்கு முத்திரையிட்ட உறையாக அது கிடைத்தது. கண்டெடுத்தது அமெரிக்க ராணுவ எதிர் உளவுப் பிரிவைச் சேர்ந்த மார்ட்டின் டேனன்பெர்க். அவர் யூதர். உடனிருந்த ஃபிராங்க் பெர்ல்ஸ் பெர்லினில் பிறந்த யூதர். உள்ளே தட்டச்சுச் செய்த நான்கு பக்கங்கள். தன் பிறந்த மண்ணில் தன்னை அந்நியனாக்கிய தாளின் மூலத்தைக் கையில் பிடித்து வாசித்த பெர்ல்ஸின் நிலையை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. போர்க்குற்ற விசாரணைக்குப் போயிருக்க வேண்டிய அந்தப் பக்கங்கள் ஜெனரல் ஜார்ஜ் பேட்டனிடம் போயின. ஆவணங்களை உரிய இடத்தில் ஒப்படைக்க வேண்டும் என்ற விதியை மீறி, அவர் அதே ஆண்டு ஜூன் மாதம் கலிஃபோர்னியாவில் தான் வளர்ந்த ஊர்ப்பக்கம் இருந்த ஹன்டிங்டன் நூலகத்தில் கொடுத்து வைத்தார். நியூரம்பெர்க் விசாரணை அச்சுப் பிரதிகளை வைத்தே நடந்தது. மூலம் அந்த நூலகத்தின் பெட்டகத்தில் இருப்பதே 1999 வரை வெளியுலகுக்குத் தெரியாது. 2010இல்தான் அது அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது.

சரி, நவம்பர் துணை ஆணைக்குத் திரும்புவோம். யார் யூதர் என்பதைச் சட்டம் சொல்லவில்லை. ஆணையின் ஐந்தாம் பிரிவுதான் சொல்கிறது. தாத்தா பாட்டி நால்வரில் மூவராவது இனத்தால் முழு யூதர் என்றால் பேரன் யூதர். இருவர் என்றால், பேரன் யூத சமயச் சபையில் உறுப்பினராக இருந்தாலோ யூதரை மணந்திருந்தாலோ யூதர், இல்லாவிட்டால் பெரும்பாலும் ‘கலப்பினத்தவர்’. 1933 ஏப்ரலில் அரசு ஊழியர்களை வெளியேற்றிய சட்டத்துக்கு ஒரே ஒரு தாத்தாவோ பாட்டியோ போதுமாயிருந்தது. இரண்டே ஆண்டுகளில் அளவுகோல் மாறிவிட்டது. இரத்தம் மாறவில்லை, விதிதான் மாறியது.

இப்போது அடுத்த கேள்வி எழுகிறது. தாத்தா ‘இனத்தால்’ யூதர் என்பதற்கு என்ன சான்று? மண்டையோட்டை அளந்தார்களா, இரத்தத்தைச் சோதித்தார்களா? ஆணையின் இரண்டாம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு ஒரே வரியில் பதில் தருகிறது: யூத சமயச் சபையில் உறுப்பினராக இருந்தவர், மேற்கொண்டு விசாரணை எதுவும் இல்லாமல் முழு யூதராகக் கொள்ளப்படுவார். இந்த வரியை நான் பலமுறை படித்திருக்கிறேன். இனம் என்ற கோட்டை முழுவதும் நிற்பது இந்த வரியின் மேல். அதன் அஸ்திவாரமோ மதம். உள்துறை அமைச்சக அதிகாரிகளான வில்ஹெல்ம் ஷ்டுக்கார்ட்டும் ஹான்ஸ் குளோப்கேயும் 1936இல் எழுதிய உரை நூலைப் பார்த்தால் சந்தேகமே இருக்காது. முழு ஜெர்மானியப் பரம்பரையில் பிறந்த ஒரு பெண், யூதரை மணக்கும்போது யூத மதத்தைத் தழுவியிருந்தால், பேரப்பிள்ளைகளின் கணக்கில் அவளும் முழு யூதப் பாட்டிதான்; எதிர்ச் சான்று அனுமதிக்கப்படாது என்று அவர்கள் விளக்கம் எழுதினார்கள். தங்கள் இனக் கோட்பாட்டையே தங்கள் கையால் பொய்யாக்கும் வாக்கியம் அது. எழுதிய இருவருக்கும் அது தெரியாமல் இருந்திருக்காது.

மதம்தான் சான்று என்றால் சான்று இருக்கும் இடம் தேவாலயம். ஜெர்மனி முழுவதற்குமான அரசு வழிப் பிறப்பு இறப்புப் பதிவு 1876 ஜனவரி 1 அன்றுதான் தொடங்கியது. 1935இல் முப்பது நாற்பது வயதிலிருந்த ஒருவரின் தாத்தா பாட்டி அதற்கு முன்னால் பிறந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோரைப் பற்றி எழுதப்பட்ட ஒரே ஏடு தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு. சாதாரண அரசு ஊழியர் ஒருவர் தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள, தனக்கும் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிகளுக்குமாக ஏழு பிறப்பு அல்லது ஞானஸ்நானச் சான்றுகளும் மூன்று திருமணச் சான்றுகளும் காட்ட வேண்டும். இது ‘சிறு ஆரியச் சான்று’. பெரிய சான்றுக்கு 1800 வரை போக வேண்டும். நாஜிக் கட்சியின் எஸ்.எஸ். படை அதிகாரிக்கு 1750 வரை. கோடிக்கணக்கான சான்றுக் கோரிக்கைகள் கிராமத்துப் பாதிரியார்களின் மேசையில் வந்து குவிந்தன. அவர்களில் மிகப் பெரும்பாலோர் பதிவேட்டைத் திறந்து, எழுதிக் கொடுத்து, முத்திரை வைத்தார்கள்.

சிலர் அதோடு நிற்கவில்லை. பெர்லினில் கார்ல் தேமல் என்ற புராட்டஸ்டண்ட் பாதிரியார், நகரத்தின் பழைய தேவாலயப் பதிவேடுகளை ஒரே இடத்தில் திரட்டி, 1936 டிசம்பரில் ஓர் அலுவலகம் திறந்தார். மதம் மாறிக் கிறிஸ்தவரான யூதர்களின் பெயர்களைத் தனி அட்டைகளில் எடுத்து எழுதினார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் ஞானஸ்நானம் பெற்ற ஒருவரின் பேரப்பிள்ளையை அந்த அட்டை காட்டிக்கொடுத்துவிடும். விவரங்கள் ரைஷ் வம்சாவளி அலுவலகத்துக்குப் போயின. அந்த அட்டைத் தொகுதி இன்று பெர்லின் திருச்சபையின் ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. திருச்சபையே அதைப் பற்றிய உண்மையை வெளியில் கொண்டு வந்திருக்கிறது. தன் கோயிலில் தன் நீரால் ஞானஸ்நானம் பெற்றவரின் பிள்ளைகளை, அந்த ஞானஸ்நானத்தின் பதிவைக் கொண்டே அரசுக்குக் காட்டிக்கொடுத்தது இந்தக் கோப்புகளில் நான் கண்ட மிகப் பெரிய துரோகம்.

யூதச் சபைகளின் பிறப்பு, மண, இறப்பு ஏடுகளையும் ரைஷ் வம்சாவளி அலுவலகம் விட்டுவைக்கவில்லை. பறித்துச் சேர்த்த அந்த ஏடுகள் துரிங்கியாவின் ராட்ஸ்ஃபெல்ட் மாளிகையில் வைத்து நுண்படமாக்கப்பட்டன. போரின் முடிவில் பல மூல ஏடுகள் காணாமல் போய்விட, படச்சுருள்கள் மிஞ்சின. தங்கள் முன்னோரைத் தேடும் யூதக் குடும்பங்கள் இன்று அந்தச் சுருள்களைத்தான் நாடுகின்றன.

லிஷ்டர்ஃபெல்டேயில் அதே அலுவலகத்தின் ஆவணத் தொகுப்பில் இன்னொன்று இருக்கிறது. 1939 மே 17 அன்று நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் துணை அட்டைகள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அட்டை. வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. பெயர், பிறந்த நாள், பிறந்த ஊருக்குப் பிறகு வரும் கேள்வி: தாத்தா பாட்டி நால்வரில் யாரேனும் இனத்தால் முழு யூதரா? அதற்குக் கீழே நான்கு கட்டங்கள். அப்பா வழித் தாத்தா, அப்பா வழிப் பாட்டி, அம்மா வழித் தாத்தா, அம்மா வழிப் பாட்டி. ஒவ்வொன்றிலும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று எழுத வேண்டும். நிரப்பிய அட்டையை உறையிலிட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். வீட்டுத் தலைவரின் கையெழுத்தில் ‘ஆம், ஆம், ஆம், ஆம்’ என்று நிற்கும் ஒரு வரிக்குக் கீழே, மனைவிக்கு ‘இல்லை’ நான்கு. பிள்ளைகளுக்கு இரண்டு ‘ஆம்’, இரண்டு ‘இல்லை’. சாப்பாட்டு மேசையில் ஒன்றாக உட்கார்ந்து நிரப்பியிருப்பார்கள். ஒரே வீட்டில் மூன்று விதமான சட்ட நிலை. அந்தக் கணக்கெடுப்பின்படி, ஆஸ்திரியாவையும் சேர்த்து விரிந்திருந்த ரைஷில் ‘இனத்தால் யூதர்’ என்று வகைப்படுத்தப்பட்டவர்கள் ஏறத்தாழ 3 லட்சத்து 30 ஆயிரம் பேர். நாடுகடத்தலுக்கான பட்டியல்கள் இந்த அட்டைகளிலிருந்து எடுக்கப்பட்டனவா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆனால் பின்னால் கொல்லப்பட்ட பலர் தங்கள் கையாலேயே எழுதிய எழுத்துகள் இந்தக் கட்டங்களில் இருக்கின்றன.

சான்று வெறும் காகிதம் என்பதைப் புரிந்துகொண்டு, அதையே பிடித்து ஆட்களைக் காப்பாற்றிய ஒருவரும் இருந்தார். ஒஸ்னாப்ரூக் நகரத்து வழக்கறிஞர் ஹான்ஸ் கால்மயர். ஜெர்மன் ஆக்கிரமிப்பின்கீழ் இருந்த நெதர்லாந்தில், ஹேக் நகர அலுவலகத்தில், வம்சாவளியில் சந்தேகம் உள்ள மனுக்களைத் தீர்த்து வைப்பது அவர் வேலை. பாட்டி உண்மையில் ஞானஸ்நானம் பெற்றவர், சட்டப்படியான தந்தை உண்மைத் தந்தை அல்ல என்றெல்லாம் மனுக்கள் வந்தன. பழைய கடிதங்கள், தேவாலயச் சான்றுகள், வயதானவர்களின் உறுதிமொழிகள் இணைக்கப்பட்டிருந்தன. அவற்றில் பல போலி என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தே ஏற்றுக்கொண்டார். சுமார் 3,000 பேர் அதனால் பிழைத்தார்கள். இஸ்ரேலில் உள்ள யூதப் படுகொலை நினைவகமான யாட் வாஷெம் 1992இல் அவரைக் கௌரவித்தது. அவர் நிராகரித்த மனுக்களும் உண்டு. அந்தக் குடும்பங்களின் குரல் பிற்காலத்தில் வலுவாகவே எழுந்தது. அந்தக் குரலையும் கேட்காமல் கால்மயரின் கதையைச் சொல்லக் கூடாது.

இனி அந்தப் பதினொன்றாவது ஆணை. 1941 நவம்பர் 25. வெளிநாட்டில் வழக்கமாக வசிக்கும் யூதர் ஜெர்மன் பிரஜையாக இருக்க முடியாது. பிரஜை உரிமை போகும்போது அவர் சொத்து ரைஷைச் சேரும். புலம்பெயர்ந்து தப்பித்தவர்களைக் குறிவைத்த சட்டம் போலத் தோன்றும். தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உள்நோக்கம் புலப்படும். பெர்லினிலிருந்து யூதர்களை ஏற்றிய முதல் ரயில் அக்டோபர் 18 அன்றே லோட்ஸ் நகருக்குப் புறப்பட்டுவிட்டது. ரயில் எல்லையைத் தாண்டினால், ஏற்றப்பட்டவர் ‘வெளிநாட்டில் வசிப்பவர்’ ஆகிவிடுவார். பலவந்தமாகக் கொண்டுபோனதையே குடிபெயர்வாகக் கணக்கெழுதினார்கள். போலந்தின் பெரும்பகுதியையும் பால்டிக், உக்ரைன் பகுதிகளையும் இதற்காக வெளிநாடு என்று கொள்ளலாம் என்று டிசம்பரில் உள்துறை அமைச்சகம் விளக்கமும் அனுப்பியது. லோட்ஸும் ஆஷ்விட்ஸும் ரைஷோடு இணைக்கப்பட்ட பகுதிகள், சட்டப்படி உள்நாடு. அங்கே அனுப்பப்பட்டவர்களுக்கு, மக்களுக்கும் அரசுக்கும் பகையானவர் சொத்து என்று தனித்தனிப் பறிமுதல் ஆணை தயாரித்துக் கையில் கொடுத்தார்கள்.

இந்தப் பறிமுதலின் கோப்புகள் பாட்ஸ்டாம் நகரில், பிராண்டன்பர்க் மாநில ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. பெர்லின் பகுதி நிதித்துறைத் தலைமை அலுவலகத்தின் கோப்புகள் அவை; நாற்பதாயிரத்துக்கும் மேல். ஒவ்வொரு கோப்பிலும் பதினாறு பக்கச் சொத்து விவரப் படிவம் ஒன்று. புறப்படுவதற்கு முன் அவர்களே நிரப்ப வேண்டும். வங்கிக் கணக்கு, காப்பீடு, கொடுக்கல் வாங்கல் எல்லாம் முதலில். பிறகு வீட்டுச் சாமான்கள்: கட்டில், மெத்தை, அலமாரி, விளக்கு, கரண்டி, மேசை விரிப்பு, சட்டை, காலுறை. ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கை, ஒவ்வொன்றுக்கும் மதிப்பு. படிவத்துக்குப் பின்னால் நீதிமன்ற அமீனாவின் மதிப்பீட்டுப் பட்டியல், சாமான்களை விற்ற கணக்கு, வீட்டுக்காரரும் மின் நிறுவனமும் பாக்கி கேட்டு எழுதிய கடிதங்கள். அரசு அந்தப் பாக்கியை ஒழுங்காகத் தீர்த்து, ரசீதையும் கோப்பில் சேர்த்திருக்கிறது. கொலை செய்யப்பட்டவரின் பெயரில் கோப்பு ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. மூன்றே பிரிவுள்ள அந்தச் சட்டம் கடைசியில் வந்து சேர்ந்த இடம் இது: ஒரு குடும்பத்தின் காலுறைகள் எத்தனை என்ற கணக்கு.

எழுதியவர்கள் என்ன ஆனார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃப்ரிக் 1946 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். யூத ஒழிப்பை ஒருங்கிணைக்க 1942 ஜனவரி 20 அன்று நடந்த வான்சே கூட்டத்தில் உள்துறையின் சார்பில் உட்கார்ந்திருந்த ஷ்டுக்கார்ட், அமைச்சக அதிகாரிகள் மீதான நியூரம்பெர்க் வழக்கில் ஏற்கெனவே அனுபவித்த காவலே தண்டனையாகக் கணக்கிடப்பட்டு 1949இல் வெளியே வந்தார். குளோப்கே 1953 முதல் 1963 வரை மேற்கு ஜெர்மன் பிரதமர் அடனாவரின் அலுவலகத் தலைவராக இருந்தார். ஒரு ஜனநாயக அரசு தன்னைத்தானே இப்படிக் களங்கப்படுத்திக்கொண்டிருக்கத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

நியூரம்பெர்க் சட்டங்களை நேச நாடுகளின் கட்டுப்பாட்டு மன்றம் 1945 செப்டம்பர் 20 அன்று தன் முதல் சட்டத்தாலேயே நீக்கியது. ஆனால் நீக்கப்பட்ட சட்டம், நீக்கப்படும்வரை செல்லுபடியானதா? போருக்கு முன் ஆம்ஸ்டர்டாமுக்குப் புலம்பெயர்ந்து, 1942இல் அங்கிருந்து நாடுகடத்தப்பட்டு உயிரிழந்த ஒரு யூத வழக்கறிஞரின் வாரிசுரிமை வழக்கில் இந்தக் கேள்வி வந்தது. பதினொன்றாவது ஆணைப்படி அவர் பிரஜை உரிமையை இழந்துவிட்டார் என்று கீழ் நீதிமன்றங்கள் கொண்டிருந்தன. 1968 பிப்ரவரி 14 அன்று கூட்டரசு அரசமைப்பு நீதிமன்றம் அதை மறுத்தது. நீதியின் அடிப்படைகளோடு அந்த ஆணை தாங்க முடியாத அளவுக்கு முரண்படுகிறது, ஆகவே தொடக்கம் முதலே அது சட்டமே அல்ல என்று தீர்ப்பளித்தது. போர் முடிவதற்கு முன்பே கொல்லப்பட்டவர்கள் அந்த ஆணையால் பிரஜை உரிமையை இழக்கவில்லை. அந்த வழக்கறிஞர் இறந்தபோது ஜெர்மன் பிரஜையாகவே இருந்தார்.